சங்கு ஊதிய ஊரில் ஸ்வைப் கணக்கு

1930-ல் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. அவர்களைக் கிளப்பிவிட்டது கூலித் தகராறு அல்ல. ஒவ்வொரு தொழிலாளியும் விரல்ரேகை பதித்துத் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சுரங்கக் கம்பெனிகள் கொண்டுவந்த ஏற்பாடு. அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே கிடையாது. பெயர் சொல்லக்கூடிய தலைவர் என்றும் யாரும் இல்லை. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழ், தெலுங்குக் கூலிக்காரர்கள் அவர்கள், பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். ஆனாலும் மொத்தச் சுரங்கமும் நின்றது. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

விரல்ரேகை அந்தக் காலத்தில் போலீஸ் சமாசாரம். கைநாட்டு வேறு, கைதிக்கு எடுக்கும் ரேகை வேறு என்று யாரும் வந்து விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அதற்கும் மேலே ஒரு கணக்கு இருந்தது. ஒரு மைன்ஸில் விரட்டப்பட்டவன் வேறு பெயர் சொல்லி அடுத்த மைன்ஸில் சேர்ந்துகொள்ளலாம். ரேகை வந்துவிட்டால் அந்தச் சந்து அடைபட்டுவிடும். வேலைக்கு வருகிறவனை யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள், எண்ணி என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்வியை இந்த ஊர் எழுப்பி ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது.

அந்தத் தொழிலாளர்களின் கொள்ளுப்பேரனும் கொள்ளுப்பேத்தியும் இன்று ஒயிட்ஃபீல்டில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் கார்டைத் தேய்க்கிறார்கள், அல்லது விரலை வைக்கிறார்கள், அல்லது முகத்தைக் காட்டுகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாளா ஐந்து நாளா என்பது மட்டும்தான் இப்போது பேச்சு.

அன்றைய வருகைப் பதிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தங்கவயலில் நேரத்தைச் சொன்னது சங்கு. ஷிப்டு தொடங்கும்போதும் முடியும்போதும் ஊதும். ஊரே அதை வைத்துத்தான் உலை வைத்தது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது. நேரம் தப்பி ஊதினால் பெண்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அத்தனை ஆழத்தில் பாறையே அனலாக இருக்கும். மேலிருந்து அழுத்தும் கனத்தில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ என்ற வார்த்தை இந்த ஊரில் படிக்காதவர்களுக்கும் தெரியும்.

அதனால் சுரங்கத்தில் ஆஜர் என்பது சம்பளக் கணக்கோடு முடியும் விஷயமாக இருக்கவில்லை. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. தரைக்கு அடியில் வேலை செய்கிறவர்களின் பதிவேடு, எந்த நிமிடத்தில் எடுத்துப் பார்த்தாலும் அந்த நிமிடத்தில் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்ட வேண்டும். இறங்குகிறவன் டோக்கன் கொடுத்து விளக்கு வாங்குவதும், ஏறி வந்தவன் விளக்கைக் கொடுத்து டோக்கன் வாங்குவதும் சுரங்கங்களின் வழக்கம். திரும்பி வராத விளக்கு என்றால் திரும்பி வராத ஆள். கம்பெனிக்கு அது கூலி எண்ணிக்கை. தொழிலாளர் குடியிருப்பின் லைன் வீட்டில் காத்திருந்தவளுக்கு அதுவே உயிர்க் கணக்கு.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தங்கவயலில் பொன் இருந்ததே தவிரப் பொற்காலம் எதுவும் இருக்கவில்லை. பத்தடிக்குப் பத்தடி லைன் வீடு, மூங்கில் தட்டிச் சுவர், பொதுக் குழாய், நுரையீரலில் படிந்த கல்தூள். சிலிகோசிஸில் இருமி இருமிச் செத்தவர்கள் ஒவ்வொரு லைனிலும் உண்டு. அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமை யாருக்கு என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்று மட்டும் உண்மை. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே கால் வைத்த பிறகு, வேலைக்கு ஆள் வந்தே ஆக வேண்டும் என்பதற்காகக் கம்பெனி சில காரியங்களைச் செய்தாக வேண்டியிருந்தது. ஷாஃப்டுக்கு நடந்து போகும் தூரத்தில் லைன் கட்டியது. ஆஸ்பத்திரி கட்டியது. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை வந்தது. 1902-ல் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் ஓடி முதலில் சேர்ந்த இடம் தங்கவயல். பெங்களூருக்கு அது கிடைக்க இன்னும் மூன்று வருஷம் ஆனது. கருணையால் நடந்தது இல்லை இவை. ஆள் காலையில் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆள் வந்து நிற்பதற்கான செலவில் ஒரு பங்கைக் கம்பெனி தன் கணக்கில் எழுதிக்கொண்டது. இப்போது காணாமல் போயிருப்பது இந்தப் பங்குதான்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது வருஷத்தில் ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கம் எடுத்த ஊர், மறுநாள் காலையில் எங்கே போவது என்று தெரியாமல் விழித்தது.

பிறகு எங்கே போவது என்பதை ரயில்தான் சொன்னது. சுரங்கத்துக்குச் சாமான் கொண்டுவரப் போட்ட அதே பாதையில் ஊர் பெங்களூருக்குக் கிளம்பியது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பெமல் நகர், பங்காருப்பேட்டை. அதற்கப்புறம் மாலூர், ஒயிட்ஃபீல்டு, ஹூடி, கே.ஆர்.புரம், கன்டோன்மென்ட். பெங்களூர் நகர நிலையம் வரை சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். நன்றாக ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கிராஸிங்கில் போட்டுவிட்டால் கடவுள் விட்ட வழி. ஷிப்டுக்கு நடந்து போன ஊர் இன்று ரயிலுக்கு நடக்கிறது.

விடியற்காலை வண்டியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் போதும், ஊரின் இன்றைய வருகைப் பதிவேடு கண்முன் விரியும். கதவோரம் நிற்பவர்கள் கட்டட வேலைக்காரர்கள். தூக்குவாளியும் கைலிக்குள் சுருட்டிய வேலைச் சட்டையுமாக. பெண்கள் பெட்டியில் ஒரு மூலையில் பீன்ஸ் நறுக்கி முடிந்திருக்கும், இன்னொரு மூலையில் பூ கட்டி முடிந்திருக்கும். மாலில் விற்பனைக்கு நிற்கிற பெண்கள், நர்ஸுகள், செக்யூரிட்டி சீருடைகள், ஆபீஸ் கிளார்க்குகள். அவர்களுக்கு நடுவே மடியில் லேப்டாப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஐ.டி. பிள்ளைகள். ஒரு காலைப் பேச்சு இப்படிப் போனது:

“இந்த மாசம் எத்தனை நாள் ஆச்சு உனக்கு?”

“ஏழு ஆச்சுக்கா. இன்னும் மூணு போட்டா போதும், அப்புறம் வீட்லயே இருந்துடலாம்.”

“எனக்கு எங்கடா அதெல்லாம். பாத்ரூம் கழுவறத வீட்ல உக்காந்து கழுவ முடியுமா?”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், கேட்ட அக்காவும்தான். சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்கிற ‘ஹைப்ரிட்’ முறை பற்றி இதுவரை வந்த கட்டுரைகளில் பாதி அந்த அக்காவை மறந்துவிட்டு எழுதப்பட்டவை. ஆபீஸ் திங்கள் வெள்ளியில் காலியாகவும் செவ்வாய் முதல் வியாழன் வரை நிரம்பியும் இருந்தால், கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் ஆள் எண்ணிக்கையைக் கான்ட்ராக்டர் அதற்கேற்ப வெட்டுவார். வெட்டுப்படும் நாளுக்குக் கூலி கிடையாது. ஒருவரின் வசதியான வெள்ளிக்கிழமை இன்னொருவரின் கூலியில்லாத வெள்ளிக்கிழமை.

2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கில் ரயில்கள் நின்றன. தங்கவயலின் ஐ.டி. பிள்ளைகளுக்கு அது ஒரு வினோதமான திரும்புதல். ஆபீஸ் ராபர்ட்சன்பேட்டையின் மாடி அறைக்கும் லைன் வீட்டின் கட்டில் ஓரத்துக்கும் வந்து சேர்ந்தது. அதுவரை கால் சென்டர், பி.பி.ஓ. போன்றவை வீட்டிலிருந்து வேலை வாங்கத் தொலைத்தொடர்புத் துறையின் கெடுபிடியான விதிகள் இடம் தரவில்லை. அவை அந்த மார்ச்சில் தளர்ந்து, நவம்பரில் பெருமளவு நீக்கவும் பட்டன. கர்நாடக அரசின் ஐ.டி. துறை 2021 ஆகஸ்டில் இன்னொரு படி போனது. சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரையுள்ள வெளிவட்டச் சாலையில் மெட்ரோ வேலை நடப்பதால், அங்குள்ள கம்பெனிகள் 2022 டிசம்பர் வரை ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய விடும்படி கேட்டுக்கொண்டது. பெங்களூரின் நெரிசல், தங்கவயல்காரர்களுக்குத் தூக்கம் வாங்கித் தந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

அந்த நாட்களில் டி.சி.எஸ். ஒரு பெரிய அறிவிப்புச் செய்தது. 2025 வந்தால், எந்த நேரத்திலும் ஆட்களில் 25 சதவீதத்துக்கு மேல் அலுவலகத்தில் தேவைப்பட மாட்டார்கள் என்பது திட்டம். 2025 வந்தது, திட்டம் வரவில்லை. 2023 அக்டோபரிலேயே அந்தக் கம்பெனி வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் காலாண்டு ஊக்கத்தொகையை வருகையோடு முடிச்சுப்போட்டது: 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஒன்றும் கிடையாது, முழுத்தொகை வேண்டுமானால் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். விப்ரோ 2023 நவம்பர் 15 முதல் வாரம் மூன்று நாள் என்றது. இன்ஃபோசிஸ் அதே மாதம் நடு, கீழ் மட்ட ஊழியர்களுக்கு மாதம் பத்து நாள் என்றது. 2025 மார்ச்சில், வீட்டு நாட்களுக்கு உச்சவரம்பு போட்டுக் கணினியே தடுக்கிற மாதிரி செய்தது. கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறுகிறது. போக்கு ஒன்றுதான்.

வரச் சொல்வதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை வீடியோ அழைப்பு தராது. ஆறு பேர் குடும்பம் வாழும் லைன் வீட்டில், மாமியார் சீரியல் பார்க்கும் அதே அறையில் வேலை செய்வதைவிட ஆபீஸே மேல் என்று சொல்கிற பெண்களும் தங்கவயலில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். நான் சண்டைக்கு நிற்பது நாள் எண்ணிக்கையோடு அல்ல. எண்ணுகிற முறையோடு.

வாசல் கதவு ஒரு தேய்ப்பைத்தான் எண்ணுகிறது. மாரத்தஹள்ளியில் இருந்து ஸ்கூட்டரில் அரை மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரு நாள். மாரிக்குப்பத்தில் இருட்டோடு எழுந்து, ரயிலில் ஒற்றைக் காலில் நின்று வந்தவருக்கும் அதே ஒரு நாள். திரும்பும்போது இன்னொரு இரண்டு மணி நேரம். ஒன்பது மணி நேரம் ஆபீஸில் இருந்தாக வேண்டும் என்றால் வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரம் பதினான்கு மணி நேரத்தைத் தொடும். வாரம் எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-ல் நாராயண மூர்த்தி சொன்னபோது நாடே விவாதித்தது. தங்கவயல் ரயிலில் அது பெரிய செய்தியாகப் பட்டிருக்காது; வாரம் ஐந்து நாள் போய் வந்தாலே அந்த எழுபது வந்துவிடுகிறது, என்ன, அதில் பாதிக்கு மேல்தான் சம்பளம்.

மெட்ரோ கொஞ்சம் உதவியது. 2023 மார்ச்சில் ஒயிட்ஃபீல்டு காடுகோடி நிலையம் திறந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. அந்த அக்டோபரில் கே.ஆர்.புரம் இணைப்பும் முடிந்தது. முன்பு ஹூடியில் இறங்கி ஆட்டோவோடு மல்லுக்கட்டியவர்கள் இப்போது ஒயிட்ஃபீல்டில் இறங்கி மெட்ரோ ஏறுகிறார்கள். வாரம் மூன்று நாள் போகிறவரும் மாதச் சீசன் டிக்கெட்தான் எடுக்கிறார். தினம் டிக்கெட் வாங்குவதைவிட அதுவே மலிவு. தொலைவின் சுமையில் ரயில்வே ஒரு பங்கை ஏற்கிறது. கம்பெனி ஏற்பது எத்தனை சதவீதம் என்று கேட்டால் பதில் வராது.

தேய்ப்பை மட்டும் எண்ணினால் தேய்ப்பு மட்டும்தான் கிடைக்கும். கார்டைத் தேய்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு, முகம் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவதற்கு உலகம் முழுக்க ‘காபி பேட்ஜிங்’ என்று பெயர் வந்தது இப்படித்தான். கம்பெனிகள் உடனே உள்ளே இருந்த மணி நேரத்தையும் எண்ண ஆரம்பித்தன. எலியும் பூனையுமான ஆட்டம். தங்கவயல்காரருக்கு அந்த ஆட்டத்தில்கூட இடமில்லை: ஒரு காபிக்காக நாலு மணி நேரம் ரயிலில் யார் போய் வருவார்கள்?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அன்று ஷிப்டு, ஆஜர், தாமதம் பற்றிய விதியை எழுதியது யார்? கம்பெனிதான். ஆனால் சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946-ல், தொழில் நிறுவன நிலையாணைச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் ஒரு வரியே ‘வருகையும் தாமதமாக வருதலும்’ என்பது. கம்பெனி விதியின் வரைவை அரசு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தொழிற்சங்கத்துக்கு அனுப்பி ஆட்சேபம் கேட்டு, விசாரித்து, பிறகுதான் சான்று தருவார். சான்று பெற்ற விதியை ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் நுழைவாயில் பக்கம் பலகையில் ஒட்ட வேண்டும். தங்கவயலில் அந்த மொழி எது என்று சொல்லத் தேவையில்லை. விரல்ரேகைக்கு எதிராக மூன்று வாரம் நின்றவர்களுக்குப் பதினாறு வருஷம் கழித்துச் சட்டம் சொன்ன பதில் என்றுகூட இதை நான் படிப்பதுண்டு. எண்ணுவதற்கு முன்னால் எண்ணப்படுகிறவனைக் கேள் என்பதுதான் அதன் சாரம்.

கர்நாடகத்தின் ஐ.டி. துறைக்கு அந்தச் சட்டத்திலிருந்து 2014 முதல் விலக்கு. 2024 மார்ச்சில் அதை மேலும் ஐந்து வருஷத்துக்கு நீட்டினார்கள். குறைதீர்ப்புக் குழு வேண்டும், பாலியல் துன்புறுத்தல் விசாரணைக் குழு வேண்டும், ஆளை நீக்கினால் தொழிலாளர் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டு இந்த நீட்டிப்பை எதிர்த்தது. ஆனாலும் விலக்கு விலக்குதான். ஆகவே, வாரம் இரண்டு நாள் மூன்றாகி, மூன்று ஐந்தாகி, ஐந்து ஊக்கத்தொகையோடு முடிச்சுப்போடப்பட்டதெல்லாம் ஒரு மின்னஞ்சலில் நடந்தது. சாம்பியன் ரீஃபில் எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு ஆட்சேபம் சொல்ல ஒரு நடைமுறை இருந்தது. இன்ஜினியரிங் படித்த அவர் பேத்திக்கு ‘ரிப்ளை ஆல்’ பொத்தானை அழுத்தும் தைரியம்கூட இல்லை.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைத் தொழில் உறவுத் தொகுப்பு பிடித்துக்கொண்டது. முன்பு நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே நிலையாணை கட்டாயம்; இப்போது முந்நூறு பேர் வேண்டும். பெரிய ஐ.டி. கம்பெனிகளில் முந்நூறு பேர் ஒரு மாடியிலேயே இருப்பார்கள். சேவைத் துறைக்கென்று மத்திய அரசு 2020 கடைசியில் வெளியிட்ட மாதிரி நிலையாணை வரைவில், வீட்டிலிருந்து வேலை செய்ய முதலாளி அனுமதிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. ‘அனுமதிக்கலாம்’ என்பதோடு நிற்கிறது அது. எத்தனை நாள், எவ்வளவு தொலைவில் இருப்பவருக்கு, எத்தனை வாரம் முன்னறிவிப்புக் கொடுத்து மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இல்லை.

தங்கவயல் ரயிலில் போகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உங்கள் கம்பெனியின் வருகை விதி எந்தத் தேதியில், யாரைக் கேட்டு மாறியது என்று ஒரு முறை எழுத்தில் கேளுங்கள். குறைதீர்ப்புக் குழுவில் உங்கள் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வீட்டிலிருந்து வாசல் வரையான தூரத்தையும் விதியில் எழுதச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கும்போது, வெள்ளிக்கிழமைக் கூலி வெட்டுப்படுகிற அந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.